தற்செயலாகப் போன அருவி

அருவிக்குப் போனபோது எடுத்த படங்களின் மூலையில் 1987 என்று செந்நிறத்தில் விழுந்திருக்கும். அதை நம்பக்கூடாது. நாங்கள் கனடாவுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். கமராவில் ஒருவரும் திகதி மாற்றவில்லை. நாங்கள் போனது 1995 ஓகஸ்ட். எனக்குப் பத்து வயது.

அதுவரை அப்பாவின் உல்லாசப் பயணம் நாங்கள் இருந்த ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள றிச்மண்ட் ஹில் கோயிலோடு முடிந்துவிடும். அந்த மனிதர் திடீரென்று, கல்கரிக்கு விமானத்தில் போய், அங்கே வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடி, மலையில் அருவி பார்க்கப்போகிறோம் என்றார்.

"நயாகரா கிட்டத்தானே இருக்கு. தண்ணி விழுறதைப் பாக்க ஏன் பிளேனிலை போறம்?" என்று கேட்டேன்.

"அது வெறும் ஆத்துத் தண்ணி. இது பனிமலை உருகி வாறது."

பதில் சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில் அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. அவளுடைய பையில் அம்மா புதுச் சீலை ஒன்றை மடித்து வைத்தாள். மலை ஏறச் சீலை எதற்கு என்றதற்கு, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்று பதில் வந்தது. சித்தியை என்னிடமிருந்து பறிக்க ஏதோ நடக்கிறதென்று எனக்குப் பட்டது.

பட்டது சரிதான். சித்திக்குப் பேசிய கல்கரி மாப்பிள்ளை வீட்டாரும் அதே நாள் அதே அருவிக்குத் தற்செயலாக வருவதென்று தொலைபேசியில் பேசி முடித்திருந்தார்கள். பெண் பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானம் போகாது. அதனால் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது, பெயர்கூடக் கேட்கக்கூடாது. இதெல்லாம் பின்னாளில் அறிந்தது.

அருவி உண்மையிலேயே பெரிது. பாறையின் உச்சியிலிருந்து பாய்ந்த தண்ணீர் பாதிவழியிலேயே புகையாகியது. கார்கள் நிறுத்துமிடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது: தாய், தகப்பன், மகன்.

"அட, தமிழ் ஆக்களோ! எதிர்பாக்கவேயில்லை!" என்றார் அப்பா.

"நாங்களும்தான் எதிர்பாக்கேல்லை!" என்று அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்து, "பார், எவ்வளவு நல்லா நடிக்கினம்" என்றார்.

அம்மா கட்லற் பெட்டியைத் திறந்தாள். "தம்பி, இவளுக்கும் அருவியைக் கிட்டப் போய்க் காட்டுங்கோவன்" என்று மகனிடம் சொன்னாள். அவன் திகைத்துப்போனான். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். நான் விடாமல் பின்னால் போனேன்.

கிட்டப் போனதும் சாரல் சித்தியின் சீலையையும் தலையையும் நனைத்துவிட்டது. பனித்தண்ணீர், பல்லு கிடுகிடுத்தது. அவன் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். சித்தி சிரித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

"இது எங்கட சித்தி" என்றேன்.

"ஓம், நான் களவெடுக்க வரேல்லை" என்றான்.

திரும்பி வந்தபோது இன்னொரு வான் வந்து நின்றது. கோட்டுப் போட்டுக் கழுத்தில் ரை கட்டிய ஓர் இளைஞன் இறங்கினான். கூட வந்த பெரியவர் அப்பாவிடம் நேரே வந்து, மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல, "அட, தமிழ் ஆக்களோ! எதிர்பாக்கவேயில்லை!" என்றார்.

அப்பாவின் கையில் கடித்த கட்லற் இருந்தது. முதல் மனிதரிடம் மெதுவாக, "நீங்கள் கல்கரி இல்லையோ?" என்றார்.

"இல்லை, வன்கூவர். ஏன்?"

கல்கரிக்காரர்கள் ஈரத்தலையோடும் அந்நியன் ஒருவனின் மழைக்கோட்டோடும் நின்ற சித்தியைப் பார்த்தார்கள். ஏரியும் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

பச்சை நிறமான அந்த ஏரியை மாலையில் நாங்களும் பார்த்தோம். அங்கே வாடகைக்குப் படகு இருந்தது, அப்பா கிட்டவும் போகவில்லை. அம்மா அழுதாள். சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான், சித்தி தப்பிவிட்டாள்.

ரொறன்ரோ வந்து பார்த்தால், எங்கள் அறை அலுமாரியில் அந்த மஞ்சள் மழைக்கோட்டுத் தொங்கியது.

"திருப்பிக் குடுக்கவேணும். விலாசம் வாங்கினனான்" என்றாள் சித்தி.

வன்கூவர் எவ்வளவு தூரமென்று வரைபடத்தில் பார்த்தேன். கல்கரியைவிடத் தூரம். அப்பாவின் பதிலையும் அம்மாவின் சீலையையும் சந்தேகித்த நான், அந்த விலாசத்தை மட்டும் சந்தேகிக்காமல் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு மழைக்கோட்டைத் தபாலில் அனுப்பிவிடுவாள்தானே என்று நினைத்தேன்.