நான் கழித்துப் போட்ட தூசி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியை முகர்ந்தால் இரும்பு வாசனைதான் வரும். ரோலிங் மில் தூசி. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த நாட்களில் அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் நானும் ஸ்டெல்லாவும் விண்வெளித் தூசியைப் பார்த்தோம்...

ஸ்டெல்லா என் வகுப்புத் தோழி. திருநின்றவூரிலிருந்து பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி வருவாள். நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரு மேகத்தை, விண்வெளித் தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியாத தூர அகச்சிவப்பு ஒளியில், அலைநீளத்துக்கு ஒன்றாக எடுத்த படங்கள் எங்கள் லேப்டாப்பில் இருந்தன. குளிர்ந்த தூசி சாதாரண வெளிச்சத்தில் வெறும் கறுப்பு. தூர அகச்சிவப்பில்தான் மினுங்கும்.

படத்தில் காலியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வெளிச்சத்தைப் பின்னணி என்று முழுப் படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பாக இருந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

“ஏய், அது காலி எடம் இல்லடி. கடைசிப் படத்துல பாரு, லேசா இன்னாமோ கீது.”

“நாளைக்கு சப்மிஷன். பேஜாரு பண்ணாத ஸ்டெல்லா. அங்க ஒண்ணியும் இல்ல.”

அவள் அந்த இடத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் சிரித்தேன்.

நான் கழித்த அந்த இடத்தை வைத்துத்தான் அவள் பிஎச்.டி. முடித்தாள். நாளைக்கு நட்சத்திரமாகப் போகிற குளிர்ந்த தூசித் திரள் ஒன்று அங்கே இருந்ததாம்...

இப்போது அவள் வெளிநாட்டில். நான் எங்கள் ஊர் மில்லில் குவாலிட்டி பிரிவு. உலையிலிருந்து வரும் இரும்புக் கட்டிக்கு நேராக அகச்சிவப்பு வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நீட்டி டெம்பரேச்சர் எழுதுகிறேன். எனக்கும் அகச்சிவப்புதான். தகதகவென்று எரிகிற இரும்பைக் கண்டுபிடிக்க எம்.எஸ்சி. எதற்கு?

பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் போட்டோ வந்தால், லைக் போட்டுவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிடுவேன்.

போன வாரம், நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவள் ஆன்லைனில் பேசிய வீடியோவை முழுதாகப் பார்த்தேன். எங்கேயாவது திணறுவாளா என்றுதான் பார்த்தேன், சத்தியமாக.

“மொதல்ல இத்த காலி எடம்னு கழிச்சிட்டோம். நானும் என் ஃபிரண்டும். அவசரத்துல நாங்க பண்ண தப்பு” என்றாள்.

நாங்களா...

அன்றைக்கு அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்றைக்கு, ‘அது நான் மட்டும் செய்த தப்பு’ என்று அந்த வீடியோவுக்குக் கீழே நாலு தடவை டைப் செய்து நாலு தடவையும் அழித்தேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவள் இந்த ஆன்லைன் குரூப்பில் இல்லை.