கேப்டன் சம்பளம்

ராணுவத்தில் பல் மருத்துவராகச் சேரப்போவதாக மகள் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். சேர்ந்தவுடன் கேப்டன் பதவி, மாதச் சம்பளம், அதற்கு மேல் படிகள், தங்க வீடு, நீண்ட காலம் இருந்தால் பென்ஷன். எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் முழுவதும் தீர்ந்துபோயின. இத்தனையும் கொடுத்து எதற்காக ஆள் தேடுகிறார்கள்? சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் அவள் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே சம்பளம் கிடையாது. செய்யும் வேலைக்கு நோயாளி கட்டும் பணத்தில் நாற்பது விழுக்காடு. நல்ல மாதங்களில் ராணுவம் தருவதைவிட அதிகமாகவே வரும். அதை விட்டுவிட்டு, கடல் தாண்டி சபாவுக்கு அனுப்பினாலும் மறுக்க முடியாத வேலைக்கு ஏன் போக வேண்டும்?

அவளிடம் சொல்லாமல் அக்கரைக்கு ஃபெர்ரி ஏறினேன். அங்கே பாகான் டாலாமில் கோயில் கமிட்டிப் பழக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்து மேஜராக ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுக் கடையில் அவரை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டேன். ஒப்பந்தம் முடியுமுன் விலக முடியுமா? சுலபமில்லை. வெளியில் தனியாகப் பார்க்கலாமா? அனுமதி வேண்டும். அவர் குறைகளையும் மறைக்காமல் சொன்னது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஆள் பிடித்துக் கொடுத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டே விட்டேன்.

"ஒரு கிளாஸ் தே தாரேக் டீகூட கிடைக்காதுண்ணே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அப்போது என் கடைவாய்ப் பல் அவர் கண்ணில் பட்டது. கைப்பேசி விளக்கை அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். பக்கத்து மேசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இந்தப் பல்லுக்கு உறை யாரு போட்டது?"

"மகதான். போன வருஷம்."

"வலி இருந்துச்சா?"

"இல்ல. விரிசல்னு சொன்னுச்சு."

விளக்கை அணைத்தார். ராணுவத்தில் எத்தனை உறை போட்டாலும் அதே சம்பளம்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, கோயில் திருவிழாப் பேச்சுக்குப் போய்விட்டார்.

திரும்பும் ஃபெர்ரியில் என் சந்தேகம் ராணுவத்தை விட்டு வேறு பக்கம் போனது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நேராகவே கேட்டேன், அந்தப் பல்லில் விரிசல் இருந்ததா என்று.



"இல்லப்பா. மாசம் பத்து உறையாவது போடணும்னு பாஸ் சொல்லிட்டாரு. அந்த மாசம் ஒண்ணு குறைஞ்சிச்சு. உறைக்காக யாரோ ஒருத்தரோட நல்ல பல்லைத் தேய்க்க மனசு வரல, அதான் உங்க பல்லுல போட்டேன். காசு நான்தான் கட்டினேன்."

"என் பல்லும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமாப்பா."

அதற்குப் பிந்தைய மாதங்களில் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

ராணுவத்தை இன்றைக்கும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் மறுநாள் அவள் ராஜினாமா கொடுக்கப் போனபோது, அந்த முதலாளி ஏதாவது பேசி அவள் மனதை மாற்றிவிடக்கூடாதே என்று நானும் கூடவே போனேன். கிளினிக்கில் காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் போன அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.