உருண்டைக் குமிழ்

நம்பாதவர்கள் வந்து என் வலது கையைப் பிடித்துப் பார்க்கலாம். இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. பட்டப்பகலில், ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்று இருபத்திரண்டுக்கு எனக்கே நடந்தது. கதை விட்டுப் பிழைக்கிற ஆளும் நான் இல்லை. விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள்.

அந்த இஸ்திரி உருளைதான் என் கையைப் பதம் பார்த்தது. ஆள் நீளத்துக்குக் கொதிக்கக் கொதிக்கச் சுற்றும். விரிப்போடு வலது கை உள்ளே போய்விட்டது. அதை இழுத்தெடுக்கப் போன இடது கையும் வெந்தது. நாலு மாதத்தில் புண் ஆறியது. ஆனால் தழும்பு இறுகி விரல்கள் மடங்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரில கைப்பிடி பலம் பாக்கற சோதனை. தேறினா வாங்க, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு முதுகு போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

அதனால்தான் அந்த அதிர்வலை சிகிச்சை. ஷாக் வேவ் என்றதும் வீட்டுக்காரர் அரண்டுபோனார்.

"கரண்ட் வைக்கிறாங்களா?"

"ஆமா, உங்களுக்கும் சேத்து வைக்கச் சொல்றேன்" என்றேன்.

கரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தழும்பில் ஜில்லென்று ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். டக் டக் டக் டக்... நொடிக்கு நாலு அடி. இறுகிய தோல் இளகுமாம். பிசியோ சின்னப் பெண், அதிகம் பேச மாட்டாள். ஒவ்வொரு இடமாக அழுத்தி "இங்கயா?" என்பாள். வலிக்கிற இடத்தில் "ஆமா" என்றால் அங்கேயே நிறுத்தி அடிப்பாள். "தழும்புல வியர்வை வராதுக்கா. காய விடாம க்ரீம் போடுங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரி அடித்தளத்தில் கடைசி அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு துணித் திரை, அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி. கதவுக்கு உருண்டைக் குமிழ். விரல் மடங்காதவர்கள் வருகிற அறைக்கு உருண்டைக் குமிழ் வைத்த புண்ணியவானுக்குச் சிலைதான் வைக்க வேண்டும்! நாங்களாகத் திறக்கவே முடியாது. அதனால் பிசியோ கதவடியில் ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்தே வைப்பாள். வேலையைத் தொடங்கும் முன் இரண்டு முறை குனிந்து பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வலது கையைப் பலகையில் மல்லாக்க வைத்து, இரண்டு பட்டைகளால் இறுக்கினாள். இடது கையில் விறைப்பான உறை. அதை வைத்துக்கொண்டு மூக்கைக்கூடச் சொறிய முடியாது. மெஷின் திரையில் 1500 அடி என்று வைத்துத் தொடங்கினாள். 512 வந்ததும் நிறுத்தினாள்.

"ஜெல் தீந்துடுச்சுக்கா. மாடில இருந்து எடுத்துட்டு வந்துடறேன்."

கருவியை அதன் தாங்கியில் மாட்டினாள். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. துணித் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபத்திரண்டு.

அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. கதவடியில் மரம் உரசியது. சர்ர்ர்... பிறகு, டொக். கதவு சாத்திக்கொண்டது.

"ஏய், யாருப்பா அது? உள்ள ஆள் இருக்குல்ல?" என்று கத்தினேன். கையை இழுத்தேன். பட்டை அசையவில்லை.

டக்.

கருவி தாங்கியில்தான் இருந்தது. மெஷின் திரையில் 513.

டக் டக் டக் டக்...

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. என் உள்ளங்கையில், ஜெல்லுக்கு நடுவே, காசளவு பள்ளம் விழுந்தது. அது அதிர்ந்தது. கருவி தாங்கியில்... பள்ளம் என் கையில்.

பள்ளம் மெல்ல நகர்ந்தது. கட்டைவிரல் அடியில் நின்றது. உயிர் போகிற வலி.

"இங்கயா?"

"ஆமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அறையில் யாரும் இல்லை. குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. பிசியோ குரல் இல்லை அது. புகை குடித்துக் கமறிய தொண்டை.

700... 900... கத்தினேன். தொண்டையில் காற்றுதான் வந்தது.

1200.

இடது கை உறையால் பட்டையைத் தட்டினேன். வழுக்கியது.

1400.

1500. பீப்.

அமைதி.

சர்ரக்... முதல் பட்டை தானாகப் பிய்ந்தது.

சர்ரக்... இரண்டாவது.

ஓடினேன். குமிழைப் பிடித்தேன். அது ஈரமாக இருந்தது. ஜில்லென்று, கொழகொழவென்று.

விரல் வழுக்கியது...

அப்போது என் விரல்கள் மேல் வேறு விரல்கள் படிந்தன. வரிவரியாகத் தடித்த தோல்.

அழுத்தின.

என் விரல்கள் மடங்கின.

குமிழ் திரும்பியது.

ஒன்று இருபத்தாறு.

பிசியோ ஜெல் புட்டியோடு ஓடி வந்தாள். நடைபாதையில் நின்ற என்னையும், திறந்திருந்த கதவையும் பார்த்தாள். "கட்டை எங்கக்கா?" என்றாள். அது உள்ளே, திரைக்கு அந்தப் பக்க நாற்காலியின் மேல் இருந்தது.

மறுநாள் கைப்பிடி சோதனை. போன வாரம் நான் அழுத்தியபோது நாலு கிலோ காட்டிய முள், பத்தொன்பதில் நின்றது. டாக்டர் "கைராசிக்காரிம்மா நீ" என்று பிசியோவைப் பாராட்டினார். அவள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் நானே கேட்டேன்.

"யாரு அது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு அக்கா. உங்கள மாதிரியே ரெண்டு கையும். பத்து மாசம் முன்னாடி... அன்னைக்கும் ஜெல் எடுக்கத்தான்க்கா போனேன். பக்கத்து ரூம்ல வயர் எரிஞ்சு ஒரே புகை. கதவு சாத்திக்கிச்சு. பட்டையைப் பல்லால பிச்சிருக்காங்க. குமிழைத்தான் திருப்ப முடியல. நாங்க கதவை உடைக்க நாலு நிமிஷம் ஆச்சு..."

"அப்பறமும் அதே குமிழா?"

"புதுக் கதவுக்கா. பழையபடியே போட்டுட்டாங்க." வாயைப் பொத்திக்கொண்டாள். "உடைச்சுத் திறந்தப்ப, உள்பக்கக் குமிழ் முழுக்க ஜெல்லுக்கா."

குமிழில் ஜெல் இருந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். கை நன்றாக வேலை செய்கிறது. ஒரு நேரம் தவிர. தினமும் மதியம் ஒன்று இருபத்திரண்டுக்கு வலது கை தானாக மடங்கும். உருண்டையாக எதையோ பிடித்ததுபோல். வலப்பக்கமாகத் திருப்பும்... திருப்பும்... நிறுத்த முடியாது. மேலங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பேன். யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை போய்விடும்.

ஒன்று இருபத்தாறுக்கு விரல்கள் விரியும்.

உள்ளங்கை ஈரமாக இருக்கும். "என்னக்கா, இப்படி வேர்க்குது?" என்று கூட வேலை செய்பவள் கேட்பாள். ஆமாம் என்று துடைத்துக்கொள்வேன்.

தழும்பில் வியர்வை வராது.