கமருன்னிசா ஆபா விட்டுப்போன பள்ளம்

காலையில் என் போன் அடித்து, திரையில் ‘ஆபா’ என்று பெயர் விழுந்தால் என்ன அர்த்தம் என்று நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். குப்பை வண்டி வந்திருக்காது, இல்லையென்றால் தெருவிளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான் அடித்தது. எடுத்த வேகத்தில், “ஆபா, இன்னைக்கு வார்டு ஆபீசுக்கெல்லாம் என்னால வர முடியாது, வீட்டுல சரோஜாவுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வர்ற நாள்” என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பேசியது அவர் மகன். “அங்கிள், நான் இம்தியாஸ். அம்மா விடியக்காலைல தூக்கத்திலேயே போயிட்டாங்க.”

இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம் எல்லோருக்கும் அக்காவாக இருந்த கமருன்னிசா ஆபா உயிரோடு இருந்தவரை பாதி நாள் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போவோம் என்று கூட்டிப்போவார். வஞ்சிரத்தைப் பேரம் பேசிக்கொண்டே ஒரு கையால் போனில் புகார் எண்ணைத் தேடுவார். மீன்காரம்மாவே அலுத்துப்போய், “இன்னாம்மா, மீனு வாங்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?” என்று கேட்டிருக்கிறாள். “ரெண்டுக்கும்தான். நீ வெட்டு” என்றார் ஆபா.

அவர் ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் பிரிவில் இருந்தவர். அதாவது, நாம் இன்று பேசும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவர். “லைன்மேன் கிளம்பிட்டார் சார்னு நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்! அவர் எதிர்ல உட்கார்ந்து வடை தின்னுக்கிட்டிருப்பார்” என்று சிரிப்பார். “புகாரைச் சரிபண்றது ஒரு வேலை தம்பி, புகாரை மூடுறது இன்னொரு வேலை. ரெண்டாவதுதான் சுலபம்.” தெருக் கூட்டங்களில் இதைச் சொல்லாமல் அவர் உட்கார்ந்ததே இல்லை. நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

நம் தெருவின் தலையாய பிரச்சினை உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், நம் தெருக்கோடியில் தண்ணீர் தேங்கும். முதலில் அது நுழைவது தரைத்தளத்தில் இருக்கும் என் வீட்டுக்குள்தான். என் மனைவி சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நடக்க முடியாது. ஒரு ஐப்பசி மழையில், கட்டில் கால் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது, நானும் இம்தியாஸும் அவளைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார வைத்தோம். மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்று இதைப் பார்த்த ஆபா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே போனை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆபா விடாமல் போன் செய்ததில், உதவிப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாக நாள் குறித்தார். ஆபா அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நாம் என்ன செய்தோம்? நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கநாதன் சார் தலைமையில் தெருவைப் பளபளவென்று பெருக்கினோம். தேங்கியிருந்த தண்ணீரை வாடகை மோட்டார் வைத்து இறைத்தோம். வாசலுக்கு வாசல் கோலம் வேறு. வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, டபராவில் காபி கொடுத்தோம். அவர் காபியைக் குடித்தார், தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், “ரொம்ப நல்லா வச்சிருக்கீங்களே சார்” என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் ஆபாவின் போனுக்குச் செய்தி வந்தது: தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது.

ஆபா திரும்பி வந்து போட்ட சத்தம் கச்சேரி ரோடுவரை கேட்டிருக்கும். “டாக்டரைக் கூப்பிட்டுட்டு நோயாளிக்குப் பவுடர் அடிச்சு உட்கார வச்சிருக்கீங்களே! அறிவு இருக்கா உங்களுக்கு?” ரங்கநாதன் சார் பாவம், “ஆத்துக்கு வரவாளுக்கு ஒரு வாய் காபி கொடுக்கலைன்னா நன்னாவா இருக்கும்?” என்று முனகினார். “காபி கொடுங்க சார். அந்தத் தண்ணியில நிக்க வச்சுக் கொடுங்க” என்றார் ஆபா. அன்றிலிருந்து நம் தெருவுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: ஆபீசர் வருகிற நாளில் எவரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது.

அடுத்த மழையில் அதே பொறியாளரை எப்படி வரவழைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். போனில் கெஞ்சினாரா மிரட்டினாரா, தெரியாது. ஆனால் அவர் வந்தார். ஆபா அவரைத் தெருவில் நிற்கவிடவில்லை. நேராக என் வீட்டுக்குள் அழைத்து வந்து, மேஜைமேல் உட்கார்ந்திருந்த சரோஜாவுக்கு எதிரே நாற்காலி போட்டார். கணுக்கால் வரை தண்ணீர். “உட்காருங்க சார், டீ வருது” என்றார். அந்த மனிதர் சரோஜாவைப் பார்த்தார். டீயைத் தொடவே இல்லை. எழுந்து வெளியே போய், மழையிலேயே தெரு ஓரமாக நடந்து, ஆபா வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இந்தத் தாழ்வான இடத்துலதானே தண்ணி வடிகாலுக்குள்ள போற வாய் இருக்கணும்? எங்க அது?” என்றார். கூட வந்த தொழிலாளி கம்பியால் குத்திப் பார்த்தார். “சார், இந்தச் சாய்தளத்துக்கு அடியிலதான் கீது. மேல சிமெண்டு போட்டு மூடிகினு கீறாங்க.” இம்தியாஸ் கார் வாங்கிய வருஷம், அதை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்ட சாய்தளம் அது. ஆபாதான் கொத்தனாரைக் கூட்டி வந்து, பக்கத்தில் நின்று போடச் சொன்னவர். ஊரையெல்லாம் கேள்வி கேட்ட அவர் அன்றைக்கு ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனதை நான் பார்த்தேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகு, “இடிங்க” என்றார். “அம்மா, காரை எங்க விடுறது?” என்று இம்தியாஸ் கத்தினான். “கார் நனைஞ்சா காயும்டா. அங்க அந்தப் பொண்ணை மேஜை மேல ஏத்தி வச்சிருக்காங்க, கண்ணு தெரியலையா உனக்கு?” என்றார்.

இடித்தார்கள். வாய் திறந்தது. சேற்றை வாரினார்கள்; வாரிய சேற்றை வழக்கம்போல ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். ஆபா அவர்கள் வந்த லாரிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அதையும் அள்ளினார்கள். அடுத்த பெருமழையில் என் வீட்டுத் தரை காய்ந்தே கிடந்தது. சரோஜா கட்டிலை விட்டு இறங்கவில்லை, இறக்கவும் வேண்டியிருக்கவில்லை. மழை விட்டதும் ஆபாவைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வந்ததும் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “அட, விடுப்பா, எனக்கு வேலை கிடக்கு” என்று ஆபா கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

வேலை கிடந்தது உண்மைதான். இடித்தவர்கள் மேல்மூடி போடாமலே போய்விட்டார்கள். ஆபா வீட்டு வாசலில் ஆள் விழுகிற அளவுக்குப் பள்ளம், அதன்மேல் ஒரு மரப்பலகை. உடனே புதுப் புகார். “மூடி நாளைக்கு வரும்மா” என்றார்கள். அந்த ‘நாளை’ வரவே இல்லை. முட்டிவலியோடு அந்தப் பலகைமேல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் அவர் போய் வந்தார். “நீங்களே ஆள் வச்சு மூடிக்க வேண்டியதுதானே, ஆபா?” என்று கேட்டேன். “நான் மூடினா எனக்கு மட்டும்தான் மூடி. அவங்க மூடினா அடுத்த தெருவுல இடிக்கும்போது மூடியோட வருவாங்க” என்றார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்தக் காலை உடைத்துக்கொண்டு ஊருக்குப் பாடம் நடத்த வேண்டுமா என்று கேட்டேன். அவர் மறுபடி புகார் எண்ணைப் போட்டார்.

அவரை எடுத்துச் சென்றதும் அந்தப் பலகை மேலேதான். ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். பலகை ஆடியது. ரங்கநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, பலகையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். சரோஜா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சிமெண்டு மூடி. இத்தனை பெரிய ஊரில் அந்த அம்மாவுக்கு ஒரு சிமெண்டு மூடி கிடைக்கவில்லை.

போன வாரம் இம்தியாஸ் ஆபாவின் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தான். வார்டு ஆபீசிலிருந்து அழைப்பு. வாங்கிப் பேசினேன். ஒரு சின்னப் பையன் குரல். “கமருன்னிசா மேடம்ங்களா?” அவர் இறந்துவிட்டதைச் சொன்னேன். “அய்யோ, சாரி சார்” என்றான். மனசாரத்தான் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, “அப்போ இந்தக் கம்ப்ளெயின்டை மூடிடலாமா சார்?” என்று கேட்டான்.

“அவங்கதான் இல்ல தம்பி. பள்ளம் இருக்கு” என்றேன்.

புகாரை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஆபாவின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதோடு, ஆபீஸ் திறந்த கையோடு போன் செய்கிற கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது என் பெயர் திரையில் விழுந்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. வருகிற வியாழக்கிழமை பொறியாளர் வருகிறார். யாரும் தெருவைப் பெருக்க வேண்டாம். ரங்கநாதன் சார், பொன்னாடை வேண்டவே வேண்டாம். அன்றைக்கு டீ ஆபா வீட்டுக் கூடத்தில். அந்தப் பலகையைத் தாண்டி வந்து குடிக்கட்டும்.