தம்பிக்காகக் கரைத்த கொழுப்பு

தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. என்னுடையதில் ஒரு பங்கைக் கொடுக்கலாம் என்றார்கள், உடனே தலையாட்டினேன். ஆனால் ஸ்கேன் பார்த்த சென்னை டாக்டர் மறுத்துவிட்டார். என் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருந்ததாம்.

"அது குறையாம எடுக்க முடியாதும்மா. உங்க உசுருக்கே ஆபத்து."

கள்ளக்குறிச்சியில் நாளெல்லாம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே பெருத்த உடம்பு. ஊர் திரும்பியதும் சோற்றை நிறுத்தினேன். காலையும் மாலையும் ஏரிக்கரையில் வேகவேகமாக நடந்தேன். எடை இறங்கியது. கூடவே படியேறினால் கண் இருட்டியது, கத்தரிக்கோல் பிடித்த கை நடுங்கியது.

அடுத்த முறை போனபோது, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் என் கையை அழுத்திப் பார்த்தாள்.

"கொழுப்போட சதையும் கரையுது. பட்டினி கிடக்காதீங்க, முட்டை, பருப்பு சாப்பிடுங்க. நடங்க, கனமும் தூக்குங்க. தசை இருந்தாதான் ஆபரேஷனத் தாங்குவீங்க. சும்மா இருக்கும்போதும் உடம்பு கொழுப்பக் கொஞ்சம் கூடுதலா எரிக்கும்."

"சீக்கிரம் கொறையுமா?"

"உடம்பை அவசரப்படுத்த முடியாதுங்க."

தம்பிக்கு அவசரம். அவன் வயிறு வீங்கிக்கொண்டே போனது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். ஞாயிறுகளில் நானும் கணவரும் கல்வராயன் மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைப்பாதையில் ஏறினோம். அப்படி ஒரு ஞாயிறு, பாதி மலையில் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, ரத்தமா வாந்தி எடுக்கறாரு. ஆம்புலன்ஸ்ல போய்க்கினு இருக்கோம்…"

சிக்னல் அறுந்தது.

"பஸ் வர நேரமாவும். இன்னா பண்றது?" என்றார் கணவர். அதற்குள் நான் இறங்கி ஓட ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் போனை உயர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவன் இருக்கிறானா என்பது தெரியாமலே ஓடினேன். கணவர் பின்தங்கிவிட்டார். என் கால்கள் மடங்கவில்லை.

அடிவாரத்தில்தான் போன் மணி அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

"உசுரு இருக்குது அண்ணி. உள்ள சேத்துட்டாங்க."

ரத்தத்தை நிறுத்தி, சென்னைக்கு மாற்றினார்கள். இனித் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். என்னை மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார். "ஆனா எடுக்கலாம்."

அவன் கட்டிலருகே போய்ச் சொன்னதும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உனக்கு எதுனா ஆயிட்டா உன் பசங்கள யார் பாக்கறது? வேணாம்க்கா, வுடு."

"ஓடி ஓடிக் கரைச்சிட்டு வந்திருக்கேன். பேசாம படு."

ஆபரேஷன் முடிந்து சில நாட்கள் கழித்து, அவன் மனைவியின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து என் கட்டிலருகே வந்தான். மாதக்கணக்கில் சோற்றைக் கண்டாலே குமட்டியவன்.

"அக்கா," என்றான், "பசிக்குதுக்கா."