வாசலில் நின்ற சைக்கிள்காரன்

கூல்வென் பதினொரு வருடம் சைக்கிள் பந்தயமே பிழைப்பாக இருந்தான். ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவன் வேலையே இல்லை என்பது எங்கள் கெர்மொரான் ஊர்க்காரர்கள் மண்டையில் ஏறவே இல்லை.

குழுத் தலைவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பதுதான் அவன் வேலை. பின்னால் வரும் குழுவின் காருக்குப் போய், சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி மூச்சுவாங்க முன்னேறி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தலைவனுக்குப் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மழையில் நிற்க வேண்டும். கடைசியில் தெம்பெல்லாம் தீர்ந்து, வால் கூட்டத்தோடு ஊர்ந்து வருவான். இப்படி ஓட்டுபவர்களுக்குப் பந்தயத்தில் வைத்திருக்கும் பெயரே வேலைக்காரன். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருடத்தில் பாதிக்குமேல் ஓட்டல் அறைதான். அவன் மனைவி சுவாஸிக் தினமும் போனில் "என்ன சாப்ட்டே?" என்பாள். "பாஸ்தா." நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது என்று கிரேப் என்ற மெல்லிய தோசை சுடும் என் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள்.

அவன் அப்பா ஃபாஞ்சுக்கு வாய் அதிகம். சிடர் என்ற ஆப்பிள் மதுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்மவன் வந்து சேர்றதுக்குள்ள பந்தலையே பிரிச்சிடுறானுங்க, ஆர்மெல்!" என்று என்னிடம் சொல்வார். கடையே சிரிக்கும்.

ஒப்பந்தம் முடிகிற கடைசி வருடம், ஜூலையில் பெரிய பந்தயம் எங்கள் தெரு வழியாக வந்தது. பந்தயக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய சொந்த ஊர் வந்தால், அவனை மட்டும் முன்னே போகவிடுவார்கள். யாரும் துரத்த மாட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கி, பெண்டாட்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். பதினொரு வருடத்தில் யாரிடமும் எதுவும் கேட்காதவன், அன்று அதைக் கேட்டு வாங்கினான். வீட்டில் சொல்லவில்லை. "வாசல்ல நில்லு, சுவாஸிக்" என்று மட்டும் போனில் சொல்லியிருந்தான்.

ஃபாஞ்ச் விடுவாரா? "வாசல்ல நின்னா சர்ருனு போயிடுவானுங்க, மூஞ்சிகூடத் தெரியாது. ஊரைத் தாண்டி ஆலை மேட்டுல மெதுவா ஏறுவானுங்க. இவன் எப்படியும் கடைசிலதான் வருவான், நல்லா பாக்கலாம்" என்று ஊரையே கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். சுவாஸிக்கும் அவன் பெயர் எழுதிய துணியோடு போனாள். இடுப்பில் ஆபரேஷன் ஆன நான் மட்டும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் போனதும் தனியாக ஒருவன் வந்தான். எதிர்வீட்டு வாசலில் இறங்கினான். கூல்வென்! தன் வீட்டுப் பூட்டைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"எங்க எல்லாரும்?" என்றான்.

"மேட்டுல. நீ கடைசியா வருவேன்னு..."

அவன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை இனி நான் யார் முகத்திலும் பார்க்க வேண்டாம்.

"நான் நின்னேன்னு சொல்லிடாதீங்க, ஆர்மெல். பாவம், எனக்காகத்தானே போயிருக்காங்க."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றான். கூட்டம் இரைச்சலோடு வந்தது. ஏறி அதற்குள் போய்விட்டான்.

மேட்டில் தன் குழுவின் ஒரே நிறச் சட்டைகளுக்கு நடுவில் "சுவாஸிக்!" என்று கத்தினானாம்; பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். ஊதல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலகியவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டியும் போனபின், இவன் பந்தயத்தையே விட்டுவிட்டான் என்று சுவாஸிக் அழுதிருக்கிறாள்.

இப்போது அவன் ஊரோடு வந்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் என் கடைக்கு வந்தார்கள். ஃபாஞ்ச் வழக்கம்போல ஆரம்பித்தார். "சொந்த ஊர்லயாவது முன்னாடி வருவான்னு பாத்தேன். எங்க!"

சுவாஸிக் சிரிக்கவில்லை. கூல்வென் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிக்கலைன்னா போவுது. அன்னிக்கு ஒரே ஒரு தடவ நம்ம வாசல்ல எனக்காக நின்னிருக்கலாம்ல? நிப்பேன்னு சொல்லியிருந்தா நான் மேட்டுக்கே போயிருக்க மாட்டேன். மத்தவங்க நிப்பாங்களாமே" என்றாள்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கு முன்னாடி ஓட்டக் கால் வரல, சுவாஸிக்" என்றான்.