வெற்றிலையில் தடவிய மை

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி முதலில் வரும், பின்னாலேதான் அப்பா வருவார். சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் ஓட்டுகிறவர்; எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நீலம் தங்கியிருக்கும். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தப் போனாள். ஆகவே ஆமத்தூரில் எங்கள் வீட்டில் "மை" என்றால் அப்பா, "மருந்து" என்றால் அம்மா. காய்ச்சலுக்குத் தின்பது "மாத்திரை". "மருந்தக் குடிச்சிட்டான்" என்று தெருவில் சத்தம் கேட்டால் அது பூச்சிமருந்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட இதில் குழப்பம் வராது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, காலண்டர் சீசன் முடிகிற சமயத்தில், வடக்கே லோடு ஏற்றிய லாரியில் கூடப் போன அப்பா திரும்பவில்லை. நாக்பூரில் டீ குடிக்க இறங்கினவரைக் காணோம் என்று டிரைவர் மட்டும் வந்து சொன்னார். போலீஸ் தேடிச் சலித்த பிறகு தெரு தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னது: "எவளோ மருந்து வச்சிட்டா." சோற்றில் கலந்து ஆளை மயக்கி வைத்துக்கொள்ளும் அப்படியொரு மருந்தை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அம்மா அதை அப்படியே நம்பி, முகம் தெரியாத அந்தப் பெண்ணைத் தினமும் மண்ணை வாரித் தூற்றி வைதாள்.

காரியாபட்டிப் பக்கம், காணாமல் போனவர்கள் இருக்கும் இடத்தை மை போட்டுப் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் இருந்தார். வயதுக்கு வராத பிள்ளை பார்த்தால்தான் துலங்கும் என்று, வெற்றிலையில் கருப்பாக எதையோ தடவி என் கையில் கொடுத்தார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி தெரியுது?"

"ஒண்ணுந் தெரியலையே. இருட்டாத்தான் இருக்கு."

"ராத்திரிப் பயணம்ல, இருட்டாத்தான் இருக்கும்" என்று அவர் அம்மா பக்கம் திரும்பினார். "வண்டி ஏறிட்டாக. வந்துருவாக, போங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவோ பஸ்ஸிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் கம்பெனிக்குக் கொண்டு போவாள். இப்படியே வருஷங்கள் போயின.

இப்போது அந்த அச்சகம் இல்லை, மை போட்டவர் இல்லை, டிரைவரும் செத்துப்போனார். அப்பாவைப் பற்றிக் கேட்க எங்களுக்கு ஆளே மிச்சமில்லை. போன மாதம் அம்மாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது, நான் எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள்: "நெசமாவே ஒருத்தி மருந்து வச்சிருந்தா நல்லதுதான். உங்கப்பாவுக்கு ஒரு வாய் சோறு போட அங்கன ஆளு இருக்கும்ல."